முதலாளி இல்லாத ஊரில் குப்பை அள்ளுவது யார்?

மாணவர்களே, 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி இரவு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மணி ஏறத்தாழ 11.40. உறங்கப் போகும் முன் கைப்பேசியை எடுத்தவர்களுக்கு முகநூல் திறக்கவில்லை, இன்ஸ்டாகிராம் திறக்கவில்லை, புலனத்தில் அனுப்பிய செய்தியும் போய்ச் சேரவில்லை. வீட்டு இணையத்தில்தான் கோளாறு என்று எண்ணி மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். மறுநாள் விடியும் வேளையில்தான் எல்லாம் மெல்லத் திரும்பின.

நடந்தது இதுதான். பராமரிப்புப் பணியின்போது கொடுக்கப்பட்ட ஒரு தவறான கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதுகெலும்புக் கட்டமைப்பைத் துண்டித்துவிட்டது. “எங்கள் கணினிகளுக்கு வரும் பாதை இது” என்று உலக இணையத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த அறிவிப்புகளும் அதனுடன் நின்றுபோயின. கணினிகள் இருந்தன, அவற்றிடம் போகும் வழிதான் யாருக்கும் தெரியவில்லை. கோளாற்றைச் சரிசெய்யப் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரிலேயே போக வேண்டியதாயிற்று.

மூன்று செயலிகளும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். அதனால் ஒரு தவறு மூன்றையும் வீழ்த்தியது. இது ஓர் இரவுத் தொல்லை. இதைவிடப் பெரிய தொல்லையும் உண்டு. நீங்கள் எதைப் பார்க்க வேண்டும், யாருடைய பதிவு மேலே வர வேண்டும், யாருடைய கணக்கு முடக்கப்பட வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரே நிறுவனம்தான் முடிவு செய்கிறது. நாளை அது கைமாறினால் விதிகளும் மாறும்.

“அப்படியானால் முதலாளியே இல்லாத சமூக வலைத்தளத்தை உருவாக்கினால் என்ன?” என்று சிலர் கேட்டார்கள். உருவாக்கியும் காட்டினார்கள். இவற்றுக்குப் ‘பரவலாக்கப்பட்ட சமூக வலையமைப்புகள்’ என்று பெயர். இவை எப்படி இயங்குகின்றன, நல்ல எண்ணத்தோடு தொடங்கியும் ஏன் தடுமாறுகின்றன என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

மின்னஞ்சல் காட்டிய வழி

முதலாளி இல்லாத வலையமைப்பு ஒன்றை நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தி வருகிறீர்கள். அதுதான் மின்னஞ்சல்.

1971-ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார். ஆளின் பெயரையும் அவர் இருக்கும் கணினியின் பெயரையும் பிரிக்க @ என்ற குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். இன்று உங்கள் மின்னஞ்சல் ஒரு நிறுவனத்திடம் இருக்கலாம். உங்கள் ஆசிரியரின் மின்னஞ்சல் வேறொரு நிறுவனத்திடம் இருக்கலாம். ஆனாலும் நீங்கள் அனுப்பும் வீட்டுப்பாடம் அவருக்குப் போய்ச் சேருகிறது. காரணம், எல்லா நிறுவனங்களும் ஒரே விதிமுறையைப் பின்பற்றுகின்றன. இப்படிக் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது விதிமுறைக்கு ‘நெறிமுறை’ என்று பெயர்.

சமூக வலைத்தளங்களில் இது நடப்பதில்லை. முகநூலில் இருக்கும் உங்கள் மாமாவின் பதிவுக்கு டிக்டாக்கில் இருந்தபடி நீங்கள் மறுமொழி எழுத முடியாது. ஒவ்வொன்றும் மதில் எழுப்பிய தனித்தனி வளாகம்.

மதிலை எடுத்துவிட்டு, மின்னஞ்சலைப் போலவே சமூக வலைத்தளத்தையும் அமைக்கலாம் என்பதுதான் புதிய எண்ணம். 2016-இல் ஜெர்மனியைச் சேர்ந்த இளைஞர் யூஜென் ரோச்கோ ‘மாஸ்டடான்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். மாஸ்டடான் என்பது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன விலங்கு. யானையின் தூரத்து உறவு. 2018 ஜனவரியில் ‘ஆக்டிவிட்டிபப்’ என்ற நெறிமுறையை, வலைத்தளங்களுக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்று வெளியிட்டது. மாஸ்டடான் மட்டுமல்ல, காணொளிகளுக்கான பியர்டியூப், படங்களுக்கான பிக்சல்ஃபெட், கலந்துரையாடலுக்கான லெம்மி ஆகியவையும் இந்த ஒரே மொழியில் பேசுகின்றன. இவை எல்லாம் சேர்ந்த வலையமைப்பை ‘ஃபெடிவெர்ஸ்’ என்கிறார்கள்.

இதைப் பல ஊர்கள் கொண்ட ஒரு நாடாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரும் ஒரு சேவையகம்; அதாவது யாரோ ஒருவர் நடத்தும் கணினி. மாஸ்டடான் மென்பொருள் இலவசம் என்பதால் கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்த யார் வேண்டுமானாலும் ஓர் ஊரை அமைக்கலாம். ஒவ்வோர் ஊருக்கும் அதன் சொந்த விதிகள். அதன் சொந்தப் பொறுப்பாளர். ஊர்களுக்கிடையே சாலைகள் உண்டு. ‘பூந்தோட்டம்’ என்ற ஊரில் கணக்கு வைத்திருக்கும் மலர், ‘கடற்கரை’ என்ற ஊரில் இருக்கும் கவினைப் பின்தொடரலாம். அவனுக்குப் பதில் எழுதலாம். பூந்தோட்டம் ஓர் இரவு செயலிழந்தாலும் கடற்கரை வழக்கம்போல் இயங்கும். நாடு முழுவதற்கும் ஒரே முதலாளி இல்லை.

அழகான ஏற்பாடுதான். ஆனால் ஒரு முதலாளி செய்துவந்த வேலைகளை இனி யார் செய்வது? சவால்கள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன.

முதல் சவால்: எந்த ஊரில் குடியேறுவது?

2022 அக்டோபர் இறுதியில் ஈலோன் மஸ்க் 44 பில்லியன் அமெரிக்க டாலருக்கு டுவிட்டரை வாங்கினார். வரப்போகும் மாற்றங்களை விரும்பாத பலர் மாஸ்டடானுக்குக் கிளம்பினார்கள். ஏறத்தாழ 300,000-ஆக இருந்த அதன் மாதாந்தரப் பயனர் எண்ணிக்கை சில வாரங்களிலேயே 2.5 மில்லியனுக்கு உயர்ந்தது. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் தங்கிவிடவில்லை. அடுத்த சில மாதங்களில் அந்த எண்ணிக்கை சரிந்தது.

ஒரு காரணம், வாசலிலேயே இருந்தது. கணக்குத் தொடங்கும்போதே “எந்தச் சேவையகத்தில் சேர விரும்புகிறீர்கள்?” என்ற கேள்வி வரும். ஊரே தெரியாதவரிடம், எந்தத் தெருவில் வீடு வேண்டும் என்று கேட்பது போன்றது இது. பெயர்களின் நீண்ட பட்டியலைப் பார்த்துத் திகைத்துத் திரும்பிப் போனவர்கள் பலர்.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 ஜூலையில் மெட்டா நிறுவனம் ‘திரெட்ஸ்’ செயலியைத் தொடங்கியது. ஐந்தே நாளில் 100 மில்லியன் பேர் சேர்ந்தார்கள். இன்ஸ்டாகிராம் கணக்கு இருந்தால் போதும். சில தட்டல்களில் உள்ளே போய்விடலாம். அங்கே உங்களுக்காக எல்லாவற்றையும் நிறுவனமே முடிவு செய்துவிடுகிறது.

மாஸ்டடான் குழுவினர் இந்தக் குறையை அறியாதவர்கள் அல்லர். 2023 மே மாதம் செயலியை மாற்றி, புதியவர்களுக்குத் தாங்களே நடத்தும் பெரிய சேவையகத்தை முதல் தெரிவாகக் காட்டத் தொடங்கினார்கள். சேர்வது எளிதாயிற்று. ஆனால் எல்லாரும் ஒரே ஊரில் குவிந்தால் அது பரவலாக்கம் ஆகுமா என்ற விமர்சனமும் உடனே எழுந்தது. எளிமையைக் கூட்டினால் பரவல் குறைகிறது. பரவலைக் கூட்டினால் எளிமை குறைகிறது. இந்த இழுபறி இன்னும் தீரவில்லை.

இரண்டாம் சவால்: ஒரு பதிவு, மூவாயிரம் கடிதங்கள்

ஒரே நிறுவனத்தின் தளத்தில் நீங்கள் ஒரு பதிவு போட்டால், அது ஒரு தரவுத்தளத்தில் ஏறும். உங்களைப் பின்தொடர்பவர்கள் எல்லாரும் அங்கிருந்தே அதைப் படிப்பார்கள்.

பல ஊர்கள் கொண்ட வலையமைப்பில் கணக்கு வேறு. கவினை 20,000 பேர் பின்தொடர்கிறார்கள், அவர்கள் 3,000 ஊர்களில் சிதறியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கவின் “காலை வணக்கம்” என்று எழுதினால் அவன் ஊரின் கணினி 3,000 கடிதங்களை அனுப்ப வேண்டும். நாளுக்குப் பத்துப் பதிவு போட்டால் 30,000 கடிதங்கள். சில ஊர்கள் தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்க வேண்டும். பெற்றுக்கொண்ட ஒவ்வோர் ஊரும் அந்தப் பதிவின் நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். படம் இருந்தால் அதன் நகலையும் சேர்த்தே வைக்கும். யாரோ எங்கோ எடுத்த பூனைப் படம் ஆயிரக்கணக்கான வட்டுகளில் இடம் பிடிக்கும்.

கவின் தன் பதிவில் ஒரு சிறு வலைத்தளத்தின் இணைப்பைக் கொடுத்தால் இன்னொரு தொல்லை. இணைப்புக்குக் கீழே சிறு படமும் தலைப்பும் காட்டப்படும் அல்லவா? அந்த முன்னோட்டத்தைத் தயாரிக்க ஒவ்வோர் ஊரும் தனித்தனியாக அந்த வலைத்தளத்தின் கதவைத் தட்டும். சில நொடிகளில் ஆயிரக்கணக்கான தட்டல்கள். பாவம், அந்தச் சிறு தளம் மூச்சுத் திணறும். நல்லதைப் பகிர நினைத்தவரே அந்தத் தளத்தை முடக்கிவிடக்கூடும். இதைத் தணிக்க, மாஸ்டடான் சேவையகங்கள் உடனே தட்டாமல் சற்று முன்னும் பின்னுமாகத் தட்டும்படி அமைக்கப்பட்டன. தட்டல்கள் பரவலாகின, ஆனால் மொத்த எண்ணிக்கை குறையவில்லை.

இன்னொரு விநோதமும் உண்டு. ஒரே பதிவின் கீழ் மலருக்கு நான்கு மறுமொழிகள் தெரியும். கவினுக்குப் பதினேழு தெரியும். இது பிழை அல்ல. ஒவ்வோர் ஊருக்கும் தனக்கு வந்து சேர்ந்த கடிதங்கள் மட்டுமே தெரியும். எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கும் கண் எங்கும் இல்லை. எனவே ஏற்கெனவே பதினைந்து பேர் சொன்ன பதிலையே பதினாறாவது ஆளும் சொல்லுவார். புதிய பதிப்புகளில், விடுபட்ட மறுமொழிகளைத் தேடிப் பிடிக்கும் வசதியைச் சேர்த்து வருகிறார்கள். ஆனால் தேடிப் பிடிப்பதற்கும் இன்னும் சில தட்டல்கள் தேவை.

மூன்றாம் சவால்: ஊரே மூடப்பட்டால்?

பெரும்பாலான ஊர்களை நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். பகலில் வேறு வேலை. இரவில் சேவையகப் பராமரிப்பு. கணினி வாடகையைத் தங்கள் பையிலிருந்தோ, பயனர்கள் தரும் நன்கொடையிலிருந்தோ கட்டுகிறார்கள். விளம்பரம் இல்லை என்பது உங்களுக்கு நிம்மதி. ஆனால் விளம்பரம் இல்லையென்றால் வருமானமும் இல்லை.

‘மாஸ்டடான்.லோல்’ என்ற சேவையகத்தில் சுமார் 12,000 பேர் இருந்தார்கள். அங்கே எழுந்த சச்சரவுகளும் வசைகளும் தாங்க முடியாமல், 2023 பிப்ரவரியில் அதன் பொறுப்பாளர் ஊரை மூடப்போவதாக அறிவித்தார். சில மாத அவகாசம் கொடுத்தார்; பலர் அவ்வளவுகூடக் கொடுப்பதில்லை. மாஸ்டடானில் வேறு ஊருக்குக் குடிபெயர வசதி உண்டு. உங்களைப் பின்தொடர்பவர்களை உடன் அழைத்துச் செல்லலாம். ஆனால் பழைய பதிவுகள் உங்களோடு வருவதில்லை. மூன்று ஆண்டுகளாக எழுதியவை, நண்பர்களோடு பேசியவை எல்லாம் பழைய வீட்டிலேயே தங்கிவிடும். வீடு இடிந்தால் அவையும் போகும்.

சில வேளைகளில் கணினி நலமாக இருக்கும். முகவரி மட்டும் பறிபோகும். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்கு உரியது ‘.எம்எல்’ என்று முடியும் வலை முகவரி. நீண்ட காலம் அதை ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஒப்பந்தத்தின் பேரில் இலவசமாக வழங்கி வந்தது. 2023 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்து நிர்வாகம் மாலி அரசிடம் திரும்பியது. அப்போது லெம்மி வலையமைப்பைச் சேர்ந்த ஒரு சேவையகம் தன் முகவரியை ஒரே நாளில் இழந்தது. பதிவுகள் இருந்தன, பயனர்கள் இருந்தார்கள். ஆனால் பிற ஊர்கள் ஓர் ஊரை அடையாளம் காண்பதே முகவரியை வைத்துத்தான். புதிய முகவரியோடு வந்தவர்கள் அவற்றின் கண்ணுக்கு முன்பின் தெரியாதவர்கள்.

நான்காம் சவால்: குப்பை அள்ளும் வேலை

உங்கள் வகுப்புப் புலனக் குழுவை நினைத்துப் பாருங்கள். யாராவது ஆபாசப் படத்தையோ பொய்ச் செய்தியையோ அனுப்பினால் குழு நிர்வாகி நீக்கிவிடுவார். அவர் ஒருவர், குழுவில் முப்பது பேர். அதுவே சில வேளை தலைவலி. இப்போது நிர்வாகியே இல்லாத பத்தாயிரம் குழுக்களைக் கற்பனை செய்யுங்கள்.

2010-இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் ‘டயஸ்போரா’ என்ற பரவலாக்கப்பட்ட வலையமைப்பைத் தொடங்கினார்கள். முகநூலுக்கு மாற்றாக வரும் என்று நம்பி, மக்கள் ஏறத்தாழ 200,000 டாலர் நன்கொடை அளித்தார்கள். 2014-இல், டுவிட்டரிலிருந்து விரட்டப்பட்ட ஐஎஸ் பயங்கரவாதக் குழுவினர் டயஸ்போராவுக்குள் புகுந்தார்கள். “அவர்களை நீக்குங்கள்” என்று கேட்டபோது டயஸ்போரா குழுவினர் உண்மையைச் சொன்னார்கள்: தங்களால் நீக்க முடியாது. மையமே இல்லாத வலையமைப்பில் நீக்கு என்ற பொத்தானும் மையத்தில் இல்லை. அவர்களால் செய்ய முடிந்தது, அக்கணக்குகளைப் பட்டியலிட்டு ஒவ்வொரு சேவையகப் பொறுப்பாளரையும் தேடிப் பிடித்துத் தெரிவிப்பதுதான். பெரும்பாலோர் ஒத்துழைத்தார்கள். ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விடை இல்லை.

2019-இல் வேறொரு சோதனை. வெறுப்புப் பேச்சுக்குப் பெயர் போன ‘கேப்’ என்ற அமெரிக்கத் தளம், மாஸ்டடான் மென்பொருளை எடுத்துத் தன் தளத்தை நடத்தத் தொடங்கியது. மென்பொருள் எல்லாருக்கும் இலவசம். எனவே தடுக்க வழியில்லை. மற்ற ஊர்கள் தங்களால் ஆனதைச் செய்தன. தங்கள் ஊரிலிருந்து கேபுக்குப் போகும் சாலையை ஒவ்வொன்றாக அடைத்தன. யாருடைய கட்டளையும் இல்லாமல், நூற்றுக்கணக்கான பொறுப்பாளர்கள் தாங்களே எடுத்த முடிவு அது. பரவலாக்கத்தின் பலத்துக்கு இது நல்ல சான்று.

ஆனால் சாலையை அடைப்பது கூர்மையற்ற கத்தி. ஓர் ஊரில் நான்கு பேர் தொல்லை கொடுக்கிறார்கள் என்று அந்த ஊரையே அடைத்தால், அங்கே இருக்கும் நானூறு நல்லவர்களும் நண்பர்களை இழப்பார்கள். பொறுப்பாளர்கள் இருவருக்குள் மனத்தாங்கல் வந்தாலும் அடைபடுவது பயனர்களின் சாலைதான்.

2024 பிப்ரவரியில் குப்பைச் செய்திகளின் பெருவெள்ளம் ஒன்று வந்தது. அதை அனுப்பியவர்கள் பெரிய ஊர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. பொறுப்பாளர் எட்டிப் பார்க்காமல் கிடந்த சிறுசிறு ஊர்களில் தானியங்கி முறையில் கணக்குகளைத் தொடங்கி, அங்கிருந்து எல்லாத் திசைகளிலும் குப்பையைக் கொட்டினார்கள். பூட்டாத ஒரு வீடு தெருவுக்கே ஆபத்து ஆனது.

ஐந்தாம் சவால்: தனிச் செய்தி உண்மையில் தனியா?

மாஸ்டடானில் ஒருவருக்கு மட்டும் தெரியும்படி செய்தி அனுப்பலாம். ஆனால் புலனத்தில் உள்ளதைப் போல அது முழு மறையாக்கம் செய்யப்படுவதில்லை. அனுப்பியவர் ஊரின் பொறுப்பாளரும் பெறுபவர் ஊரின் பொறுப்பாளரும் நினைத்தால் படிக்க முடியும். பெரும்பாலோர் படிக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் நம்பிக்கை நெறிமுறையின் மீது அல்ல, முகம் தெரியாத ஒரு மனிதரின் நேர்மையின் மீது நிற்கிறது.

2023 மே மாதம் அமெரிக்காவில் ‘கொலெக்டிவா’ என்ற சேவையகத்தின் பொறுப்பாளர் ஒருவரின் வீட்டில் எஃப்.பி.ஐ. சோதனை நடத்தியது. சோதனை வேறு ஏதோ விவகாரம் தொடர்பானது. ஆனால் கைப்பற்றப்பட்ட பொருட்களில் அச்சேவையகத்தின் தரவுத்தள நகலும் இருந்தது. அது மறையாக்கம் செய்யப்படாத நிலையில் இருந்தது. ஒரு தனிமனிதரின் மேசை மீது ஆயிரக்கணக்கானோரின் தகவல் இருந்திருக்கிறது.

நீக்குவதிலும் இதே சிக்கல். நீங்கள் ஒரு பதிவை அழித்தால், “இதை அழித்துவிடுங்கள்” என்ற வேண்டுகோள் எல்லா ஊர்களுக்கும் போகும். அது கட்டளை அல்ல, வேண்டுகோள்தான். கேட்காத ஊரில் உங்கள் பதிவு அப்படியே கிடக்கும்.

ஆறாம் சவால்: பெரியவர் உள்ளே வந்தால்

2005-இல் தொடங்கிய ‘கூகல் டாக்’ அரட்டைச் சேவை, எக்ஸ்.எம்.பி.பி. என்ற திறந்த நெறிமுறையைப் பயன்படுத்தியது. சிறு சேவையகங்களில் இருந்தவர்களும் கூகல் பயனர்களோடு பேச முடிந்தது. 2013-இல் கூகல் புதிய சேவைக்கு மாறத் தொடங்கியபோது அந்தத் திறந்த கதவு படிப்படியாக மூடப்பட்டது. நண்பர்களில் பெரும்பாலோர் கூகல் பக்கம் இருந்ததால், சிறு சேவையகங்களில் இருந்தவர்களுக்குப் பேச ஆளில்லை.

அதனால்தான் திரெட்ஸும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையைப் பேசத் தொடங்கும் என்று மெட்டா அறிவித்தபோது ஃபெடிவெர்ஸில் பெரும் விவாதம் எழுந்தது. “இத்தனை மில்லியன் பேரோடு பேசலாமே” என்றனர் சிலர். “நாளை கதவை மூடினால் நம் கதி என்ன?” என்று கேட்டுச் சாலையை முன்கூட்டியே அடைத்தனர் வேறு சிலர்.

வெளியிலிருந்து யாரும் வராவிட்டாலும் குவிதல் நடக்கிறது. அரவிந்த் ராமனும் சக ஆய்வாளர்களும் 2019-இல் மாஸ்டடானைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, பயனர்கள் சில பெரிய ஊர்களிலேயே திரள்வதையும், பல ஊர்களின் கணினிகள் சில நிறுவனங்களின் தரவு மையங்களிலேயே இருப்பதையும் காட்டியது. ஊர்கள் பலவாக இருந்தாலும், அவை நிற்கும் நிலம் சிலருக்கே சொந்தம். மின்னஞ்சலுக்கும் இதுதான் நேர்ந்தது. யாரும் நடத்தலாம் என்றுதான் அது தொடங்கியது. குப்பை அஞ்சலை எதிர்த்துப் போராடும் செலவைச் சிறியவர்களால் தாங்க முடியவில்லை. இன்று நம்மில் பெரும்பாலோரின் அஞ்சல் பெட்டி ஒரு சில நிறுவனங்களிடம்தான் இருக்கிறது.

2024 பிப்ரவரியில் எல்லாருக்கும் திறக்கப்பட்ட ‘புளூஸ்கை’ வேறு வழியை முயல்கிறது. அங்கே உங்கள் பதிவுகள் உங்களுக்கென உள்ள ஒரு பெட்டகத்தில் இருக்கும். வேறு நிறுவனத்துக்கு மாறினால் பெட்டகத்தைக் கையோடு எடுத்துப் போகலாம். மாஸ்டடானின் ‘பழைய வீடு’ சிக்கலுக்கு இது நல்ல தீர்வு. அதே ஆண்டு நவம்பரில் பயனர் எண்ணிக்கை 20 மில்லியனைத் தாண்டியது. ஆனால் எல்லாப் பெட்டகங்களிலிருந்தும் பதிவுகளைத் திரட்டி ஒரே ஓடையாக்கும் வேலைக்குப் பெரிய கணினிகள் வேண்டும். அதை இன்று பெரும்பாலும் புளூஸ்கை நிறுவனமே செய்கிறது. பெரும்பாலான பயனர்களின் பெட்டகமும் அந்நிறுவனத்தின் கணினிகளில்தான் உள்ளது. வெளியேறும் கதவு இருக்கிறது. வெளியே இன்னும் அதிக வீடுகள் கட்டப்படவில்லை.

சட்டம் யாரிடம் பேசும்?

2025 ஜனவரி முதல், மலேசியாவில் 8 மில்லியன் அல்லது அதற்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என்பது விதி. பெரிய நிறுவனத்துக்கு அலுவலகம் இருக்கும், வழக்கறிஞர் இருப்பார், அரசு கடிதம் அனுப்பினால் பதில் வரும். ஆயிரக்கணக்கான சிறு ஊர்கள் கொண்ட வலையமைப்பில் கடிதத்தை யாருக்கு அனுப்புவது?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், பயனர்களின் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் புளூஸ்கை அந்த மாநிலத்தில் சேவையை நிறுத்தியது. மாஸ்டடான் அமைப்போ, வயதைச் சரிபார்க்கும் வசதி தன்னிடம் இல்லை என்றது. சட்டத்தைப் பின்பற்றுவது அந்தந்தச் சேவையகத்தாரின் பொறுப்பாயிற்று. அவர்களில் பலர், இரவில் ஓய்வு நேரத்தில் ஊரை நடத்தும் தன்னார்வலர்கள். உங்களைப் போன்ற இளையோரின் பாதுகாப்பு என்று வரும்போது, “எங்களுக்கு ஆள் போதவில்லை” என்ற பதிலைப் பெற்றோர் ஏற்பார்களா?

அப்படியானால் இந்த முயற்சி வீணா?

வீண் அல்ல. ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பெரிய நிறுவனத்தின் தளத்திலும் சேவையகச் செலவு உண்டு, குப்பை உண்டு, சட்டச் சிக்கல் உண்டு. அவற்றை நாம் பார்ப்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு வேறு யாரோ செய்கிறார்கள். அதற்கு ஈடாக நம் கவனத்தையும் தகவலையும் விளம்பரக்காரர்களுக்கு விற்கிறார்கள். முதலாளியை நீக்கினால் அவருடைய அதிகாரம் போகும். ஆனால் அவர் செய்த வேலைகள் போவதில்லை. அவை அப்படியே நம் வாசலில் வந்து நிற்கும்.

கம்பத்திலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ நடக்கும் கோத்தோங் ரோயோங் உங்களுக்குத் தெரியும். எல்லாரும் துடைப்பம் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். எல்லாரும் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வந்தால், இரண்டு பேர் மாலை வரை கூட்டுவார்கள். அடுத்த மாதம் அவர்களும் வர மாட்டார்கள். பரவலாக்கப்பட்ட வலையமைப்புகளின் கதையும் இதுவே. மாஸ்டடானைத் தொடங்கிய ரோச்கோவே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அதன் தலைவராக இருந்துவிட்டு, 2025 நவம்பரில் அப்பொறுப்பிலிருந்து விலகினார். அதன் வணிகச் சின்னத்தையும் சொத்துகளையும் லாப நோக்கமற்ற அமைப்பிடம் ஒப்படைக்க முன்வந்தார். தனி ஒருவரின் தோளில் இருந்த சுமையைப் பலர் தாங்கும்படி மாற்றும் முயற்சி அது.

நீங்கள் எந்தச் சமூக வலைத்தளத்தில் சேர்ந்தாலும், அது பெரிய நிறுவனமாக இருந்தாலும் சிறு ஊராக இருந்தாலும், முதலில் வயது விதியைப் பெற்றோரோடு சேர்ந்து பாருங்கள். பிறகு நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதை நடத்துவது யார்? அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? யாராவது எனக்குத் தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? நாளை இது மூடப்பட்டால் என் பதிவுகள் என்னவாகும்?

விடை கிடைக்காத இடத்தில் உங்கள் தனிப்பட்ட செய்தியை வைக்காதீர்கள். விடை கிடைத்த இடத்தில், அதை நடத்துபவருக்கு ஏதேனும் உதவி தேவையா என்று ஐந்தாவது கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். ஒரு விளக்கக் குறிப்பைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுப்பதும் உதவிதான்.

சொல் அறிவோம்

சேவையகம்: பிற கணினிகள் கேட்கும் தகவலை எந்நேரமும் வழங்கிக்கொண்டிருக்கும் கணினி.

நெறிமுறை: வெவ்வேறு கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறப் பின்பற்றும் பொது விதிமுறை.

முழு மறையாக்கம்: அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் உள்ள எவரும் படிக்க முடியாதபடி செய்தியை மாற்றி அனுப்பும் முறை.

பரவலாக்கம்: அதிகாரமும் தகவலும் ஓரிடத்தில் குவியாமல் பல இடங்களில் பகிர்ந்து இருக்கும் அமைப்பு.